பேட்டரி வண்டிக்கு மலிவு லித்தியம் பேக்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

நாலு லெட்-ஆசிட் பேட்டரியோடு வந்த 48 வோல்ட் வண்டி, ஒன்றரை இரண்டு வருடத்தில் படுத்துவிடும். வட சென்னை தண்டையார்பேட்டையில் ஏறி பாரிமுனை போய்த் திரும்புவதற்குள் ஹாரன் சத்தமே மெலிந்துவிடும். கடையில் கேட்டால், "லித்தியமா மாத்திடுங்கண்ணே, நாலு பேட்டரி எடையில கால்வாசிதான், பழைய சார்ஜரே போதும்" என்பார்கள். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

மலிவு பேக் என்றாலே வெடிக்கும் என்று நான் சொல்லவில்லை. சுமாரான செல்லில் கட்டிய பேக்கைக்கூட ஒழுங்கான சார்ஜர், ஒழுங்கான பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, அளவு மீறினால் கட் செய்யும் போர்டு) இணைப்பு, நடுவில் ஒரு ஃப்யூஸ் என்று மாட்டினால் பெரும்பாலும் தொல்லை தராது; கிலோமீட்டர் குறையும், அவ்வளவுதான். நல்ல பேக்கையே தப்பான சார்ஜரில் போட்டால் ஆபத்து. ஆகவே பேக்கில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைச் சார்ஜர், ஃப்யூஸ், லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது), கனெக்டரில் போட்டே ஆகவேண்டும். அதற்கு மனசு வரவில்லை என்றால் மறுபடியும் லெட்-ஆசிட்டையே போட்டுக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இங்கே சொல்வதெல்லாம் 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடுகிற, பதிவு எண் இல்லாத குறைவேக வண்டிகளுக்கு. ஆர்சி புத்தகம் உள்ள வேக வண்டியின் பேட்டரியில் கை வைக்காதீர்கள். அதில் பேட்டரியும் கன்ட்ரோலரும் (மோட்டாருக்குப் போகும் கரன்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) தங்களுக்குள் தகவல் பேசிக்கொள்ளும். வெளி பேக்கை ஏற்காது. ஏற்க வைத்தாலும், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். குறைவேக வண்டியிலும் வோல்ட்டை ஏற்றி 40-இல் ஓட்டினால் பதிவு, லைசென்ஸ் விலக்கு போய்விடும்.

முதலில் வண்டியைப் படியுங்கள். கன்ட்ரோலர் பெட்டியின் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மூன்று எண்கள் முக்கியம்: எத்தனை வோல்ட், கரன்ட் லிமிட் எத்தனை ஆம்ப், எந்த வோல்ட்டில் கட் ஆகும். 250 வாட் வண்டிகளில் கரன்ட் லிமிட் 15 முதல் 18 ஆம்ப் வரை இருப்பது வழக்கம். 48 வோல்ட் வண்டி 42 வோல்ட்டை ஒட்டி நின்றுவிடும். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்வி ஆம்ப் அளக்கும் மீட்டர்) டிசி-யில் வைத்து, பேசின் பிரிட்ஜ் மாதிரி ஒரு பாலத்தில் ஆளை உட்கார வைத்து ஏற்றிப் பாருங்கள். தெரிகிற உச்ச ஆம்ப்தான் உங்கள் எண். எல்லா மலிவு கிளாம்ப் மீட்டரும் டிசி ஆம்ப் அளக்காது, பார்த்து வாங்குங்கள்.

இனி வோல்ட் கணக்கு. "48 வோல்ட் லித்தியம்" என்று ஒரே பெயரில் கடையில் நாலு வகை விற்கிறது. பேக்கின் உள்ளே எந்த வகை லித்தியம் செல் (என்எம்சியா, எல்எஃப்பியா), எத்தனை செல் வரிசையாக (13எஸ் என்றால் 13) இருக்கிறது என்பதைப் பொறுத்து முழு சார்ஜ் வோல்ட் மாறும்.

என்எம்சி 13எஸ்: முழு சார்ஜில் 54.6 வோல்ட்.
என்எம்சி 14எஸ்: 58.8 வோல்ட்.
எல்எஃப்பி 15எஸ்: 54.75 வோல்ட்.
எல்எஃப்பி 16எஸ்: 58.4 வோல்ட்.

60 வோல்ட் வண்டியில் என்எம்சி 16எஸ் என்றால் 67.2, 17எஸ் என்றால் 71.4, எல்எஃப்பி 20எஸ் என்றால் 73 வோல்ட். என்எம்சி செல் ஒன்றுக்கு உச்சம் 4.2, எல்எஃப்பி செல்லுக்கு 3.65; பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பழைய சார்ஜருக்கு வருவோம். நாலு லெட்-ஆசிட்டுக்கு வந்த சார்ஜர் 58, 59 வோல்ட் வரை ஏறும். அதை 13எஸ் பேக்கில் செருகினால், தடுப்பதற்கு ஆள் இல்லாத பட்சத்தில், செல் ஒன்றுக்கு 4.5 வோல்ட்டை ஒட்டிப் போகும். 4.2-இல் நிற்கவேண்டிய செல் அது. "பிஎம்எஸ் கட் பண்ணிடும்ணே" என்பார்கள். பண்ணும், பிஎம்எஸ் நன்றாக இருக்கும் வரை. ஆனால் பிஎம்எஸ் என்பது கடைசிக் காவல். தினமும் ராத்திரி அதன் கழுத்துக்கே கத்தியைக் கொண்டுபோனால், ஒருநாள் அதன் மாஸ்ஃபெட் (கரன்டை விடவும் துண்டிக்கவும் செய்யும் மின்னணு சுவிட்ச்) ஷார்ட் ஆகி நிற்கும். அப்போது தடுக்க வேறு யாரும் கிடையாது. மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகத்தான் பழுதாகும், கரன்டைத் துண்டித்துக்கொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

14எஸ் என்எம்சியிலும் 16எஸ் எல்எஃப்பியிலும் எண் ஏறத்தாழ ஒத்துப்போகிறதே, பழையதே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. லெட் சார்ஜர்களில் சில, சல்ஃபேட்டைக் கரைக்க என்று துடிப்புத் துடிப்பாக அதிக வோல்ட் விடும். முழுசான பிறகும் ஃப்ளோட் என்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். லித்தியத்துக்கு இரண்டுமே ஆகாது. பேக்கின் செல் எண்ணிக்கைக்கு ஏற்ற சிசி-சிவி (முதலில் சீரான கரன்ட், கடைசியில் சீரான வோல்ட் தரும்) சார்ஜர் தனியாக வாங்குங்கள். 24 ஏஎச் (ஆம்ப்-அவர், பேக்கின் கொள்ளளவு) பேக்குக்கு 5 ஆம்ப் சார்ஜர் போதும். 10 ஆம்ப் போட்டு வேகமாக ஏற்றுவதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. வாங்கிய சார்ஜரைப் பேக்கில் செருகுவதற்கு முன் கரன்டில் போட்டு வெறும் முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். 54.6 என்று எழுதியிருந்தால் 54.6-ஐ ஒட்டிக் காட்டவேண்டும். 55-ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய சார்ஜரை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். முனை ஒரே மாதிரி இருந்தால் வீட்டில் யாராவது ஒருநாள் அதைச் செருகியே தீருவார்கள்.

கன்ட்ரோலர் பக்கமும் ஒரு எல்லை இருக்கிறது. 48 வோல்ட் கன்ட்ரோலர் பலவற்றில் உள்ளே 63 வோல்ட் வரை மட்டும் தாங்கும் கெபாசிட்டர்தான். "60 வோல்ட் பேக் போட்டா இன்னும் பறக்கும்" என்று யாராவது சொன்னால், 67 வோல்ட்டை அந்தக் கெபாசிட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, மெக்கானிக்குகளே அதிகம் கோட்டைவிடும் இடம்: பிஎம்எஸ் போர்ட். பிஎம்எஸ்-இல் இரண்டு வகை. ஒன்று காமன் போர்ட். சார்ஜும் டிஸ்சார்ஜும் ஒரே பி மைனஸ் (P-) வயரில். இன்னொன்று செபரேட் போர்ட். வண்டிக்குப் போவது பி மைனஸ், சார்ஜருக்கு சி மைனஸ் (C-). பேக்கிலிருந்து தடித்த வயர் ஒரு ஜோடி, ஒல்லி வயர் ஒரு ஜோடி என்று வெளியே வந்தால் அது அநேகமாக செபரேட் போர்ட். வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

லெட்-ஆசிட் வண்டியில் சார்ஜிங் சாக்கெட்டும் கன்ட்ரோலரும் ஒரே பேட்டரி வயரில்தான் தொங்கும். அதில் செபரேட் போர்ட் பேக்கை வைத்து, தடித்த ஜோடியை மட்டும் பழைய வயரில் முறுக்கிவிட்டால் வண்டி அழகாக ஓடும். சார்ஜும் ஏறும். ஆனால் அந்தச் சார்ஜ் பி மைனஸ் வழியாக உள்ளே போகிறது. ஓவர்சார்ஜைத் தடுக்கிற மாஸ்ஃபெட் சி மைனஸ் பாதையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பிஎம்எஸ் இருந்தும் இல்லாத நிலை. சி மைனஸையும் பி மைனஸையும் ஒன்றாக முறுக்குவது அதே தப்புதான், கொஞ்சம் நேர்த்தியாக. இந்த இணைப்போடு பழைய லெட் சார்ஜரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே குறைவேக வண்டிக்கு காமன் போர்ட் பிஎம்எஸ் உள்ள பேக்காகவே கேளுங்கள். கிடைத்தது செபரேட் போர்ட் என்றால், வண்டியின் பழைய சார்ஜிங் சாக்கெட்டை பேட்டரி வயரிலிருந்து முற்றாகப் பிரித்துவிட்டு, பேக்கின் சார்ஜ் ஜோடியை மட்டும் புது சாக்கெட்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்படியே பிரேக் பிடிக்கும்போது மோட்டார் பேட்டரிக்குக் கரன்டைத் திருப்பி அனுப்பும் ஈ-ஏபிஎஸ் வசதி கன்ட்ரோலரில் இருந்தால் அதன் வயரையும் கழற்றிவிடுங்கள். அந்தக் கரன்டும் பி மைனஸ் வழியாகத்தான் உள்ளே வரும்.

பிஎம்எஸ்-இன் ஆம்ப், கன்ட்ரோலர் லிமிட்டைவிட ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். 18 ஆம்ப் கன்ட்ரோலருக்கு 30 ஆம்ப் பிஎம்எஸ். 20 ஆம்ப் போட்டால் சமவெளியில் ஓடும், பாலத்தில் பின்னால் ஆள் இருக்கும்போது கட் ஆகும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு முன்னால் வண்டி செத்து நிற்பது பேட்டரி தீப்பிடிப்பதற்குக் கொஞ்சமும் குறைந்த ஆபத்து இல்லை.

பேக்கை எப்படிச் சோதிப்பது? மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்பவேண்டாம். இந்தியாவில் இரு சக்கர வண்டி பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 தரம், 2022-இல் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு இறுக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. அதற்கப்புறம் மூலைக்கடை பேக்கில்கூட "ஏஐஎஸ்-156" என்று அச்சிட்டு ஒட்டியிருப்பார்கள். சோதனை அறிக்கை எண்ணும் அதில் உள்ள மாடலும் உங்கள் பேக்கோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். காட்டவில்லை என்றால் அந்த ஸ்டிக்கர் வெறும் அலங்காரம்.

தராசு பொய் சொல்லாது. 18650 என்ற உருளை என்எம்சி செல் ஒன்று 45 முதல் 50 கிராம் இருக்கும். நாணயமான செல் 2.5 ஏஎச் வரை தரும், விலை கூடியது 3.5 வரை. 48 வோல்ட் 24 ஏஎச் பேக்கைச் சாதாரண செல்லில் கட்ட 13 வரிசை, வரிசைக்கு இணையாக 10 என்று 130 செல் வேண்டும். செல் மட்டுமே 6 கிலோ. பெட்டி, நிக்கல், வயர் எல்லாம் சேர்ந்து 7 கிலோவாவது வரவேண்டும். எல்எஃப்பியில் 6 ஏஎச் 32700 செல் ஒன்று 140 கிராமை ஒட்டி இருக்கும். 16 வரிசை, வரிசைக்கு 4 என்று 64 செல், கிட்டத்தட்ட 9 கிலோ, பெட்டியோடு பத்துக்கு மேல். "24 ஏஎச்" என்று சொல்லி நாலரைக் கிலோ பேக் கையில் கொடுத்தால், தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். இரும்புப் பெட்டி போட்டு எடையை ஏற்றுகிறவர்களும் உண்டு, அதனால் எடை தேறினால் மட்டும் போதாது.

அடுத்த சோதனைக்குப் புதுப்பேட்டையில் நாலு பழைய எச்4 ஹெட்லைட் பல்ப் வாங்குங்கள். 60 வாட் ஹைபீம் இழையை மட்டும் எடுத்து, நான்கையும் வரிசையாக இணைத்தால் 48 வோல்ட் பேக்கிலிருந்து 5 ஆம்பை ஒட்டி இழுக்கும். (60 வோல்ட்டுக்கு ஐந்து பல்ப்.) முழு சார்ஜ் ஏற்றி, நேரம் குறித்துக்கொண்டு எரியவிடுங்கள். நல்ல 24 ஏஎச் பேக் ஐந்து மணி நேரத்தை நெருங்கி ஓடும். நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் எழுதியிருக்கும் ஏஎச் பொய். பல்ப் கையைச் சுடும். செங்கல் மேல் வைத்து எரியவிட்டு, பக்கத்திலேயே இருங்கள். 48 வோல்ட் பேக் 42 வோல்ட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள், பிஎம்எஸ் கட் செய்யட்டும் என்று காத்திருக்கவேண்டாம். கடைக்காரர் ஏழு நாளில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தால் இதை முதல் ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.

செல் வரிசைகளுக்குள் வித்தியாசம் பார்க்க, ப்ளூடூத் உள்ள ஸ்மார்ட் பிஎம்எஸ் இருந்தால் போனிலேயே தெரியும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் இது வாங்கத் தகுந்தது. என்எம்சியில் பாதி சார்ஜில் வரிசைகளுக்குள் 30 மில்லிவோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் சரி. 100 இருந்தால் அந்த வரிசையில் கிழட்டு செல் கலந்திருக்கிறது. எல்எஃப்பியில் நடு சார்ஜில் எல்லா செல்லும் ஒரே வோல்ட் காட்டி ஏமாற்றும். முழு சார்ஜை நெருங்கும்போதும் காலியாகும்போதும்தான் குட்டு வெளிப்படும். ஆகவே பல்ப் சோதனையின் கடைசிப் பத்து நிமிடம் போனைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரே ஒரு வரிசை மட்டும் தடதடவென்று இறங்கினால் அந்தப் பேக் வேண்டாம்.

ரிச்சி தெருவில் கட்டித் தரச் சொல்கிறீர்கள் என்றால், வெல்டு செய்யும் நிக்கல் பட்டையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, பிளேடால் கீறி, உப்புத் தண்ணீரில் ஒரு நாள் போட்டு வையுங்கள். கீறல் துருப்பிடித்தால் அது நிக்கல் பூசிய இரும்பு. ராயபுரம், காசிமேடு கடல் காற்றில் அது எத்தனை நாள் வரும்? இரும்பில் ரெசிஸ்டன்ஸும் அதிகம், பட்டை சுடும்.

இனி வயரிங். 20 ஆம்புக்குள் என்றாலும் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரே போடுங்கள். வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது காப்பர் பூசிய அலுமினியம். ஆனால் டின் பூசிய நல்ல காப்பரில் வெள்ளி மேலே இருக்கும், சுரண்டினால் சிவப்பு தெரியும். குழப்பிக்கொள்ளாதீர்கள். முனைக்கு டின் பூசிய காப்பர் லக், கட்டிங் பிளேயரால் நசுக்காமல், அறுகோண டை உள்ள கிரிம்பிங் டூலில் அழுத்தியது. டூல் வாங்கவேண்டாம், பேனல் போர்டு கட்டும் எந்தக் கடையிலும் அழுத்தித் தருவார்கள். அழுத்தியதும் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள், அசையக்கூடாது. சாலிடர் போட்டால் இன்னும் பலம் என்று நினைப்பவர்கள் அதிகம். சாலிடர் வயருக்குள் ஊறி விறைத்து, விறைப்பு முடிகிற இடத்தில் வண்டி குலுக்கலில் இழை இழையாக அறுந்துபோகும். நம் ஊர் சாலையில் குலுக்கலுக்குப் பஞ்சமா? மேலே உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். இன்சுலேஷன் டேப் வெயிலில் பிசுபிசுத்து உரிந்துவிடும்.

ஃப்யூஸ் எங்கே? பேக்கின் ப்ளஸ் வயர் வெளியே வந்த ஒரு சாண் தூரத்துக்குள். வயர் உராய்ந்து ஃபிரேமில் பட்டால் அதைக் காப்பதற்கு ஃப்யூஸ், அதனால் வயரின் ஆரம்பத்தில் இருக்கவேண்டும். கன்ட்ரோலர் 18 ஆம்ப் என்றால் 30 ஆம்ப் ஃப்யூஸ். ஆனால் கார் பிளேட் ஃப்யூஸ் கூடாது. அது 32 வோல்ட்டுக்குச் செய்தது. 54 வோல்ட் டிசி-யில் உருகினாலும் நடுவில் நெருப்புப் பொறி நின்றுகொண்டே இருக்கும், ஹோல்டர் உருகும். ஃப்யூஸ் உடம்பில் 58 அல்லது 80 வோல்ட் டிசி, அதற்கு மேல் என்று எழுதியிருக்கவேண்டும். 58-ஐத் தாண்டி ஏறும் 14எஸ் என்எம்சி, 16எஸ் எல்எஃப்பி பேக்குக்கும் 60 வோல்ட் வண்டிக்கும் 58 போதாது.

இதே கதைதான் சீட்டுக்கு அடியில் இருக்கும் எம்சிபிக்கும் (கரன்ட் மீறினால் தானே விழும் சுவிட்ச்). வண்டியோடு வந்தது டிசி எம்சிபி. அது போனால் வீட்டு மெயின் பெட்டிக்கு வாங்கும் ஏசி எம்சிபியைப் போட்டுவிடுகிறார்கள். ஏசி கரன்ட் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், பொறி தானே அணையும். டிசி தொடாது. சோலார் கடைகளில் டிசி எம்சிபி கிடைக்கிறது. அதில் ப்ளஸ், மைனஸ் குறி இருந்தால் அதன்படியே மாட்டுங்கள், மாறினால் அணைக்கவேண்டிய நேரத்தில் அணைக்காது.

கனெக்டருக்கு எக்ஸ்டி90 அல்லது 50 ஆம்ப் ஆண்டர்சன். பேக் பக்கம் உலோகம் வெளியே தெரியாத முனை வரட்டும். பேக் பக்கத்தில் எப்போதும் வோல்ட் இருக்கிறது, சாவி விழுந்தாலும் ஷார்ட்.

மாட்டும் நாளில் மோதிரம், காப்பு, வளையல் கழற்றிவிடுங்கள். ஸ்பேனர் கைப்பிடியில் டேப் சுற்றுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்ப் ஓட்டையில் இல்லை என்று பாருங்கள். அதில் இருக்கும்போது வோல்ட் அளந்தால் அதுவே ஷார்ட். சாவி ஆஃப், எம்சிபி ஆஃப், சார்ஜர் கழற்றியாயிற்று. பழைய லெட் பேட்டரிகளை நடு ஜம்பரிலிருந்து (பேட்டரிக்குப் பேட்டரி இணைக்கும் வயர்) பிரிக்க ஆரம்பியுங்கள். முதல் ஜம்பர் கழன்றதும் 48 வோல்ட் 24 ஆகப் பிரிந்துவிடும். பழைய பேட்டரி ஒன்று நன்றாக இருக்கிறதே என்று லித்தியத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள், வரிசையாகவும் கூடாது, இணையாகவும் கூடாது.

வண்டி பக்க வயரில் எது ப்ளஸ் என்பதற்கு நிறத்தை நம்பாதீர்கள். முன்னால் வேலை பார்த்தவர் கையில் கறுப்பு மட்டும் இருந்திருந்தால் இரண்டுமே கறுப்பாக இருக்கும். கன்ட்ரோலரில் அச்சிட்டிருக்கும் முனையிலிருந்து மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து உறுதி செய்யுங்கள். மாற்றி மாட்டினால் கன்ட்ரோலருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டையோடு வழியாக முழு பேக்கும் நேராக ஷார்ட் ஆகும்.

செருகும் கணத்தில் "சட்" என்று பொறி அடிக்கும். அது கன்ட்ரோலரின் காலி கெபாசிட்டர் ஒரே மடக்கில் நிரம்புவது. ஒவ்வொரு முறையும் கனெக்டர் முனையைக் கொஞ்சம் தின்னும், சில பிஎம்எஸ் அதையே ஷார்ட் என்று நினைத்துக் கட் ஆகும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை முதலில் இரண்டு மூன்று விநாடி நடுவில் பிடித்துவிட்டு அப்புறம் செருகினால் பொறியே வராது. அடிக்கடி பேக்கைக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போகிறவர்கள் எக்ஸ்டி90-எஸ் வாங்கலாம், ரெசிஸ்டர் அதன் உள்ளேயே இருக்கிறது.

சார்ஜிங் சாக்கெட் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பல வண்டிகளில் அது பழைய கம்ப்யூட்டர் பவர் கேபிள் மாதிரியான மூன்று முனை. இதில் இரண்டு வில்லங்கம். கம்பெனிக்குக் கம்பெனி ப்ளஸ் மைனஸ் இடம் மாறும். பக்கத்து வீட்டுச் சார்ஜர் செருகும், ஆனால் தலைகீழாக இருக்கலாம். இரண்டாவது, வீட்டில் கிடக்கும் கம்ப்யூட்டர் கேபிளும் அதில் செருகும். மறு முனை சுவரில் 230 வோல்ட் ஏசி. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை வைத்திருக்கவே கூடாது. சாக்கெட்டையும் சார்ஜர் முனையையும் சேர்த்து ஜிஎக்ஸ்16 மாதிரி திருகி இறுக்கும் கனெக்டருக்கு மாற்றிவிடுங்கள். வேறு எதுவும் அதில் நுழையாது, மூடியும் உண்டு.

லித்தியம் பேக் பழைய நாலு பேட்டரி இடத்தில் லொடலொடவென்று ஆடும். தெர்மாகோல் வைத்து அடைக்காதீர்கள், எரியும். தீத்தடுப்பு (ஃப்ளேம் ரிடார்டன்ட்) வகை 5 எம்எம் ஈவா ஃபோம் ஷீட் நாலு பக்கமும், மேலே பட்டை பெல்ட் ஒன்று. பிஎம்எஸ் இருக்கும் பக்கத்தை இறுக்கி மூடவேண்டாம், அது சுடும்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை தண்ணீரும் உப்பும். ஃபுட்போர்டுக்கு அடியில் பேட்டரி உள்ள வண்டியில் மீன் பெட்டி ஏற்றுகிறவர்கள் பெட்டியின் மூலையைப் பாருங்கள்: ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஸ்க்ரூ ஓட்டை வழியாக நேராக டெர்மினல் மேல் இறங்கும். முதலில் பச்சைப் பூ, அப்புறம் லக் பொடிப்பொடியாக உதிரும். பெட்டிக்கு அடியில் விளிம்பு உயர்ந்த ட்ரே, ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு ரப்பர் வாஷர், டெர்மினலுக்கு வாஸ்லின். வயர் பேக்குக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழ்நோக்கித் தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஓட்டைகளைச் சிலிக்கான் வைத்து அடைக்கும்போது வினிகர் வாடை அடிக்கிற டியூப் வேண்டாம், அந்த அமிலம் காப்பரைத் தின்னும். நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்புவது புதிதல்ல. முழங்கால் தண்ணீரில் தள்ளி வந்த வண்டி மறுநாள் ஓடினாலும், பேக்குக்குள் தண்ணீர் போயிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. உள்ளே ஈரமும் உப்பும் பட்டைகளுக்கு நடுவே மெல்லக் கசியவிட்டு, நாலு நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். எம்சிபியை அணைத்து, வண்டியையே வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வெட்ட வெளியில் நிறுத்தி, பேக் கட்டியவரை அழையுங்கள்.

மாட்டியதும் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, எம்சிபியை அணைத்து, கனெக்டர், லக், ஃப்யூஸ் ஹோல்டர் ஒவ்வொன்றையும் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த இணைப்பைத் திரும்பச் செய்யவேண்டும். ஒரு வாரம் கழித்து எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள்.

டேஷ்போர்டு சார்ஜ் காட்டி இனி உதவாது. அது லெட்-ஆசிட் வோல்ட்டுக்கு அளந்தது. எல்எஃப்பியில் கடைசி வரை ஃபுல் காட்டிவிட்டு ஒரே அடியாக விழும். ஷன்ட் (ஓடும் கரன்டை அளக்க வைக்கும் சிறு ரெசிஸ்டர்) வைத்த ஏஎச் மீட்டர் ஒன்று ஹேண்டில் பக்கம் மாட்டினால் எவ்வளவு எடுத்தோம் என்பது உண்மையாகத் தெரியும்.

சார்ஜ் போடும் இடம்தான் வட சென்னையில் பெரிய கேள்வி. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மாடிப்படிக்கு அடியில்தான் எல்லோரும் வண்டி நிறுத்துகிறோம். மேலே இருக்கிறவர்கள் இறங்க அதுதான் ஒரே வழி. அங்கே பற்றினால் புகை படிக்கட்டு வழியாகத்தான் ஏறும். 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் இருந்த வண்டி எரிந்து, அப்பாவும் மகளும் இறந்தது புகையில்தான். வெளிச்சுவர் ஓரமாக, மேலே கூரை மட்டும் உள்ள இடத்தில், மாலை ஏழு மணி வாக்கில் போட்டு தூங்கப் போகும் முன் கழற்றுங்கள். வெயிலில் ஓட்டி வந்த உடனே போடாமல் அரை மணி ஆறவிடுங்கள். பேக் 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றக்கூடாது, மே மாதத்தில் சீட்டுக்கடியில் அது சாதாரணம். சார்ஜர் இழுக்கும் கரன்ட் கம்மிதான், 5 ஆம்ப் சார்ஜருக்குச் சுவரிலிருந்து 2 ஆம்பை ஒட்டித்தான் ஆகும். ஆனால் ஜன்னல் வழியாகத் தொங்கும் எக்ஸ்டென்ஷன் போர்டில் மழை படும், லைனில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் கட் செய்யும் சுவிட்ச்) இருக்கட்டும். முதல் மூன்று சார்ஜுக்கும் பக்கத்தில் இருந்து, பச்சை விளக்கு வந்ததும் பேக் வோல்ட்டை அளந்து எழுதி வையுங்கள். அந்த எண் நாளாக ஆக இறங்கினால் ஒரு வரிசை கிழடு தட்டுகிறது, பிஎம்எஸ் அதற்காக முன்கூட்டியே கட் செய்கிறது என்று பொருள்.

பேக் ஊதினாலோ, நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பான வாடை வந்தாலோ, உஸ்ஸென்று சத்தம் கேட்டாலோ, முடிந்தால் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரையும் வெளியேற்றி 101-ஐக் கூப்பிடுங்கள். புகைகிற பேக்கைத் தூக்கிக்கொண்டு படியிறங்க முயலாதீர்கள். சிவப்பு சிலிண்டர் பவுடர் ஜுவாலையை அணைக்கும், உள்ளே செல் செல்லாகப் பரவுவதை நிறுத்தாது. சூட்டைத் தணிக்கத் தொடர்ந்து ஏராளமான தண்ணீர் வேண்டும். சுவர் இணைப்பை அணைத்த பிறகு, தூரத்திலிருந்து, ஓஸ் பைப்பில். புகையைச் சுவாசிக்காதீர்கள்.

கழற்றிய லெட்-ஆசிட் நாலுக்கும் கடையிலேயே எடை போட்டுக் காசு தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். செத்த லித்தியம் பேக்கை மட்டும் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள்; காப்பருக்காகச் சுத்தியலால் உடைப்பார்கள். முனைகளில் டேப் ஒட்டி, விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். 2022-இன் பேட்டரி கழிவு விதிகளின்படி திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கும்போதே பில் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.